பூச்சி கடித்தது என்று சொன்ன பொய்



கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்து முடித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் எங்கட ஊர்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. பாங்கொக் பயணம், 4 நாள், 3 இரவு. டிக்கெட், ஹோட்டல், ஹலால் சாப்பாடு, பிரதுநாம் சந்தையில் உடுப்பு எடுப்பது, கடைசி நாள் முகத்துக்கு ஊசி. காசைத் தவணையாகவும் கட்டலாமாம். கடைசி வரி: "வீட்டாருக்குக் கூடத் தெரியவராது."

அந்த இரண்டு விசயத்திலும்தான் எனக்கு ஆத்திரம். கடைசி நாள் ஊசி. யாருக்கும் தெரியவராது.

என் சாச்சியின் மகள், எனக்கு ராத்தா முறை. போன வருடம் இப்படித்தான் போனா. கன்னத்தில் ஃபில்லர் என்கிற ஜெல் ஊசி. பின்னேரம் போட்டார்கள், இரவு விமானம். மூன்றரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்க. இறங்கும்போதே கன்னத்தில் தாங்க முடியாத வலி. வேனில் ஊருக்கு வர இன்னும் ஏழு மணித்தியாலம். வந்து சேரும்போது தோலில் ஊதா நிறத்தில் வலை மாதிரிக் கோடுகள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். பக்கத்தில் மாமியார் நின்றா. ராத்தா சொன்ன பதில்: "பூச்சி கடிச்சிட்டு."

டொக்டர் ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்தார். அவர் வேறு என்ன செய்வார்? உண்மை வெளியே வர அடுத்த நாளாகிவிட்டது. இன்று அந்தக் கன்னத்தில் ஒரு தழும்பு.

நடந்தது இதுதான். ஜெல் இரத்தக் குழாயை அடைத்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதி. ஹயலுரோனிக் அமில ஜெல் என்றால் அதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் "பூச்சி கடி" என்று வந்தவருக்கு அதை யார் போடுவார்?

அந்தப் பொய்யை அவ வாயில் வைத்தது யார்? நாங்கள்தான். கலியாண வீட்டில் "என்ன புள்ள, முகமெல்லாம் வாடிப் போச்சு" என்று கேட்பதும் நாங்கள். ஒருத்தி ஏதாவது செய்தால் "இந்த வயசில இவக்கு என்ன கூத்து" என்று சிரிப்பதும் நாங்கள். ஆண்களே, நீங்களும்தான். தரகர் விற்கிற சாமான் அழகு இல்லை. எங்கள் வாய்க்குப் பயந்த பெண்ணுக்கு அவர் ரகசியத்தை விற்கிறார்.

இது கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். பத்வா கொடுக்க நான் ஆள் இல்லை. ஆனால் கூடாது என்று நினைப்பவருக்கும், ஒரு பெண்ணை டொக்டரிடம் பொய் சொல்ல வைக்கும் உரிமை கிடையாது.

"பாங்கொக்கில் நல்ல டொக்டர்மார் இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறார்கள். அங்கே பதிவு செய்த கிளினிக் 11 இலக்க அனுமதி எண்ணைப் பார்வைக்கு வைக்க வேண்டும். டொக்டரின் பெயரைத் தாய்லாந்து மருத்துவப் பேரவையின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்படியென்றால் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்ட விளம்பரத்தில் டொக்டரின் பெயர் ஏன் இல்லை?

போகத்தான் போகிறேன் என்பவர்களுக்குச் சில வார்த்தை.

டிக்கெட் எடுக்குமுன் இங்கேயே ஒரு தோல் வைத்திய நிபுணரைப் பாருங்கள். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இலவசம். குடிக்கிற மருந்துகளை, முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கக் குடிப்பவற்றை, அவரிடம் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளை, பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஊசியை முதல் நாளே போடுங்கள். மற்ற நாட்களை அந்த டொக்டருக்குக் கிட்ட இருந்து கழியுங்கள். உடுப்புக் கடை எங்கேயும் ஓடிப்போகாது.

பொடொக்ஸ் முழுசாக வேலை செய்ய இரண்டு கிழமை வரை எடுக்கும். நான்கு நாளில் திரும்புகிறவர் கோணலாகிப் போனால் யாரிடம் காட்டுவார்? அதோடு அது மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். வருடத்துக்கு எத்தனை டிக்கெட் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

லேசர் என்றால், எங்கட மாநிறத் தோலுக்கு எந்த லேசர், எவ்வளவு சக்தி என்று தெரிந்தவரிடம் மட்டும். பிழைத்தால் வெளுக்கப் போனவர் கருந்திட்டோடு வருவார். செய்த கையோடு வெயிலில் சந்தை சுற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஹயலுரோனிடேஸ் கையில் இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். இல்லையென்றால் எழும்பி வந்துவிடுங்கள். ஹோட்டல் அறைக்கு வந்து ஊசி போடுபவருக்குக் கதவையே திறக்காதீர்கள். போட்ட மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட இடம், திகதி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதை எழுதட்டுமா என்று ராத்தாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "என்ட பேர போடாத. நான் சொன்ன பொய்ய மட்டும் போடு."

போட்டுவிட்டேன். அந்த விளம்பரம் வந்த குழுக்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்.