கதவுக்குள் ஸ்டிரைக்

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் என் பழைய காரின் பவர் விண்டோ பாதியில் ஸ்டிரைக். கூடவே அந்தக் கதவின் லாக்கும்.

'மோட்டார் அவுட் சார்!' என்றார் மெக்கானிக். 'அப்ப லாக்?' 'அதுவும் அவுட்!'

இரண்டும் ஒரே நாளில் ராஜினாமா செய்யுமா, ஸ்வாமி? கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர், கதவைத் திறந்து மூடியே ஒடிந்திருந்தது. பற்றவைத்ததும் இரண்டும் டியூட்டிக்குத் திரும்பின.

சுவிட்சை அமுக்கினால் உர்ரென்கிறதா? மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கேபிளைப் பாருங்கள். சத்தமே இல்லையா? முதலில் ஃப்யூஸ், பிறகு ஒயர்.

மழைக்கு முன்பே பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதே! வெள்ளத்தில் கண்ணாடி இறங்காவிட்டால், பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்முனைச் சுத்தியலால் ஒரு போடு, பொலபொலவென்று உதிரும். முன் கண்ணாடி விரிசல்தான் விடும்.

சுத்தியலை டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள்!