மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா? பினாங்கு ஆய்வாளரின் யானைக்கால் பரிசோதனை சொல்லும் பாடம்

ஜோர்ஜ்டவுன்: உலகின் முன்னணி 2 விழுக்காட்டு ஆய்வாளர்களின் பட்டியல் ஆண்டுதோறும் வெளிவருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் குழுவினர் தயாரிக்கும் பட்டியல் அது. வெளியானவுடன் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பேராசிரியர்கள் எத்தனை பேர் அதில் இடம்பெற்றனர் என்று பெருமையுடன் அறிவிக்கின்றன.

இந்தப் பட்டியலுக்கு அடிப்படை, மேற்கோள். ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டிக்காட்டுகிறார்கள் என்ற கணக்கு அது. 2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எளிய அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய 'எச்' குறியீடு 20. இன்று வேலை, பதவி உயர்வு, ஆய்வு மானியம் எல்லாவற்றிலும் இந்த எண் தலைகாட்டுகிறது.

ஆனால், இந்த எண் ஒருவரின் உழைப்பை முழுமையாகக் காட்டுகிறதா? பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) பணியாற்றிய ஒட்டுண்ணியியல் ஆய்வாளர் பேராசிரியர் ரஹ்மா நோர்டினின் பணியைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

யானைக்கால் நோய் தோட்டப்புறத்து மூத்தவர்களுக்குத் தெரியாத பெயரல்ல. கொசுக்கடி வழியாக நூல் போன்ற புழுக்கள் உடலில் புகுந்து, நிணநீர்க் குழாய்களில் தங்கி, ஆண்டுகள் கழித்துக் காலை வீங்க வைக்கின்றன. உலகில் இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்குக் காரணம் 'உச்செரேரியா' என்ற புழு. மலேசியாவில் முக்கியமாகக் காணப்படுவது வேறு வகை. பெயரிலேயே நம் வட்டாரத்தைத் தாங்கிய 'புரூகியா மலாயி' அது. இந்தோனேசியாவிலும் கேரளாவின் சேர்த்தலைப் பகுதியிலும் இதே புழு உண்டு.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் இரத்த ஓட்டத்தில் தென்படும். ஆகவே, சுகாதாரப் பணியாளர்கள் நள்ளிரவில் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. உச்செரேரியாவுக்குப் பகலிலேயே செய்யக்கூடிய விரைவுப் பரிசோதனை வந்துவிட்டது. ஆனால், அது புரூகியாவைக் காட்டவில்லை.

ரஹ்மா குழுவினர் புரூகியா மலாயியின் மரபணு ஒன்றிலிருந்து 'பிஎம்ஆர்1' என்ற புரதத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். தொற்று உள்ளவரின் இரத்தத்தில் இப்புரதத்தை அடையாளம் காணும் 'ஐஜிஜி4' என்ற எதிர்ப்பொருள் இருக்கும். அதைக் கண்டறியும் முறையை 2001-இல் பிரிட்டனின் வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். அதன் தொடர்ச்சியாக 'புரூகியா ரேப்பிட்' என்ற கருவி உருவானது. விரல் நுனியிலிருந்து சிறிது இரத்தம் போதும். பகலிலேயே எடுக்கலாம். அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் பரவும் பகுதியில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது ஐந்து சுற்று மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். அவர்களிடம் தொற்றின் அறிகுறி இருந்தால் பரவல் இன்னும் நிற்கவில்லை என்று பொருள். 2011-இல் வெளியான அந்நிறுவனத்தின் கையேடு, புரூகியா உள்ள பகுதிகளில் இச்சோதனைக்கு 'புரூகியா ரேப்பிட்' கருவியைக் குறிப்பிட்டது. ஒரு மாவட்டத்தில் மருந்தை நிறுத்தலாமா வேண்டாமா என்ற முடிவு, மலேசியாவில் உருவான கருவி காட்டும் கோட்டைப் பொறுத்து அமைந்தது.

இங்குதான் எண்ணிக்கையின் குறை தெரிகிறது. இந்தோனேசியத் தீவு ஒன்றில் பள்ளிப் பிள்ளையின் விரலில் ஊசி குத்தும் தாதி, ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை. அவர் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியும் மேற்கோள் கணக்கில் பூஜ்யமே. மேலும், ஏழைகளைத் தாக்கும் இந்நோயை ஆராய்பவர்கள் குறைவு. ஆராய்பவர் குறைந்தால் மேற்கோளும் குறையும்.

இன்னொரு மலேசியக் கண்டுபிடிப்போடு ஒப்பிட்டால் இது விளங்கும். சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், காப்பிட் பகுதியில் 208 மலேரியா நோயாளிகளைச் சோதித்தனர். அவர்களில் 120 பேருக்குக் குரங்குகளிடமிருந்து வரும் 'நோலெசி' மலேரியா இருந்ததை 2004-இல் 'தி லான்செட்' இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரை ஆயிரத்துக்கும் அதிகமான முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அது தகுதியான புகழே. ஆனால், மலேரியாவை ஆராயும் கூட்டம் உலகெங்கும் பெரியது என்பதும் அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம்.

மேற்கோள் எல்லாமே பாராட்டும் அல்ல. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டென்று ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் எழுதிய கட்டுரை மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது. அதை மறுப்பதற்காகவே பலர் சுட்டிக்காட்டினர். 2010-இல் அக்கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது.

அதற்காக எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒருவரின் ஆய்வு உலகின் பார்வைக்குச் சென்றதா என்பதை அது காட்டும். ஆனால், ஒரே ஆய்வாளருக்கு கூகல் ஸ்காலர் ஓர் எண்ணும் ஸ்கோப்பஸ் வேறோர் எண்ணும் காட்டுவதையும், பல பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் சேர்வதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் முதுகலை, முனைவர் படிப்புக்கு மேற்பார்வையாளரைத் தேடும்போது 'எச்' குறியீடு எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அவருடைய ஆய்வு எந்த நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது, அவரிடம் படித்த மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இரவில் எடுத்த இரத்தத்தைப் பகலில் எடுக்க வழி செய்தவரின் பணி எந்தப் பட்டியலிலும் முழுமையாக ஏறாது. கேட்டால்தான் தெரியும்.