கடிகாரம் எண்ணுவது காலடியையா?

இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் இப்போது ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு வருகிறார்கள். டிரெட்மில்லில் நடந்தபடியே மணிக்கட்டைத் திருப்பி, "116 வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாமா சார்?" என்று கேட்கிறார்கள். நாமும் எட்டிப் பார்த்துத் தலையசைக்கிறோம். அந்த எண் அப்படியே கேஸ் ஷீட்டிலும் ஏறிவிடுகிறது. சக இயன்முறை மருத்துவர்களிடம் இந்த வழக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

உடற்பயிற்சியின்போது கடிகாரம் பார்ப்பது இதயத்தின் மின்துடிப்பை அல்ல. அதன் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளி பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நுண்குழாய்களில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளி குறைந்து கூடுகிறது. இந்த அலையைத்தான் அது எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் சரியாகவே எண்ணும். கை வீசி நடக்கும்போதோ ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் தோலின்மேல் அசைகிறது. அந்த அசைவும் ஓர் அலையாகப் பதிவாகிறது. ரத்தத்தின் அலை பலவீனமாக இருந்தால், கடிகாரம் காலடியைப் பிடித்துக்கொள்ளும்.

மெதுவாக ஓடத் தொடங்கியவரின் கடிகாரம் சட்டென்று 170 காட்டினால் எவருக்கும் சந்தேகம் வரும். நம்மிடம் வருகிறவர்களின் சிக்கல் வேறு. சுறுசுறுப்பான நடையில் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி விழுகிறது. பலருக்கு நாம் குறித்துக் கொடுக்கும் இலக்குத் துடிப்பும் அதே அளவில்தான். அதனால் தவறான எண் சரியான எண்ணைப் போலவே தோன்றும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் இதயம் உண்மையில் 90-இல் இருக்கலாம். இன்னொருவருக்கு அது 140-ஐத் தாண்டியிருக்கலாம். இரண்டாமவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். காலடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கடிகாரத்தின் எண்ணோடு அது ஒத்துப்போனால் மற்றக் கையில் நாடி பிடியுங்கள். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், வேகத்தை மாற்றாமல் டிரெட்மில்லின் சாய்வை மட்டும் சற்று ஏற்றலாம். இதயத்துடிப்பு ஓரிரு நிமிடத்தில் ஏறும், காலடி ஏறாது. கடிகாரத்தின் எண் அசையாமல் நின்றால் அதை நம்ப வேண்டாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு நாடியும் போதாது. சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதே இல்லை. அவர்களுக்கு ஈசிஜிதான்.

கட்டும் முறையும் முக்கியம். நம்மவர்கள் கடிகாரத்தை வளையல்போலத் தளர்த்திக் கட்டுகிறார்கள். பயிற்சி நேரத்தில் அது மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக ஒன்றிரண்டு விரல் தள்ளி, நகராதபடி இருக்க வேண்டும். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தாலும், சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் அலை மங்கும்.

கருத்த தோலில் கடிகாரம் தவறுமா என்று நோயாளிகள் கேட்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 53 பேரிடம் நடந்த ஆய்வில், தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை; ஆனால் ஓய்வைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் அதற்குக் குறைவு. ஆனால் எல்லோராலும் அதை வாங்க முடியாது. கடிகாரத்தைக் கழற்றச் சொல்லவும் நான் வரவில்லை. கேஸ் ஷீட்டில் துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் விரல், கடிகாரம், பட்டை, ஈசிஜி என எதில் எடுத்தது என்று ஒரு சொல் எழுதுங்கள். இந்த இதழுக்கு வரும் நோயாளர் குறிப்புகளிலும் அந்தச் சொல்லை இனிக் கேட்கப்போகிறோம்.