இரவுக் கேமராவை இருட்டில் பார்த்து வாங்குங்கள்

ரிஷிவந்தியம் கடைவீதியில் மளிகைக்கடை, உரக்கடை, நகைக்கடை என்ற பேதமில்லாமல் இன்று கேமரா மாட்டி வருகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் விற்க வருபவர் "ராத்திரியிலும் கலர் படம் வரும்" என்றதும் நம்மவர்கள் மயங்கிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளை என்றால் ஏதோ பழைய டி.வி. பெட்டி என்ற நினைப்பு. அந்த நினைப்பு நமக்கும் இருந்தது. நான்கு மூட்டை துவரம்பருப்பைப் பறிகொடுத்த பிறகுதான் போயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் குடோனில் நடந்தது அது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பதிவும் இருந்தது. படத்தில் சுவரின் நீலச் சுண்ணாம்பு தெரிகிறது, வாசலில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி தெரிகிறது. மூட்டை தூக்கிப் போனவன் மட்டும் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு எழுத்துபோல இழுபட்டுத் தெரிகிறான். இதை வைத்துக்கொண்டு யாரை அடையாளம் காட்டுவது?

காரணத்தை விசாரித்தோம். கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் சில்லுக்குத் தானாக நிறம் தெரியாது. வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டுமே தெரியும். நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டி ஒட்ட வேண்டும். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை. மீதியைச் சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வடிகட்டி என்றால் வடிகட்டத்தானே செய்யும்? வந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. பகலில் அது நஷ்டமில்லை. அமாவாசை இரவில் அதுவே முழு நஷ்டம்.

அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டக் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வினாடியில் 12-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், வேகமாக நடப்பவன் அதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். நாற்காலி நகரவில்லை, ஆகவே அழகாக விழுந்தது. கடையில் காட்டும் மாதிரிப் படத்தில் யாரும் நடப்பதில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. கறுப்பு வெள்ளைச் சில்லு நமக்குப் புதியதல்ல. கல்லாவில் பில் போடப் பயன்படும் பட வகை பார்கோடு ஸ்கேனருக்குள் இருப்பது பெரும்பாலும் அதுதான். சிவப்பு வெளிச்சம் அடித்துப் படிக்கும் கருவிக்குச் சிவப்பு மையில் அச்சிட்ட கோடு வெள்ளையாகத் தெரியும். சொந்தமாக லேபிள் அச்சடிப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். ரைஸ் மில்லில் சார்டெக்ஸ் இயந்திரங்கள் கறுப்பரிசியைக் கண்டுபிடித்துக் காற்றால் தள்ளியதும் பல காலம் இத்தகைய கண்ணால்தான். கறுப்பரிசி அதில் தப்பாது. ஆனால் வெளுப்பு ஒரே அளவாக இருக்கும் லேசான மஞ்சள் அரிசி தப்பிவிடும். அங்கே கலர் கண் வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை.

கடைவீதியில் விற்பவை அநேகமாகக் கலர் சில்லுகளே. இருட்டியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு கண்ணாடி விலகி, அகச்சிவப்பு விளக்கு எரிந்து, படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். மாறட்டும், விடுங்கள். அதை நிறுத்திவிட்டுக் கலரிலேயே வை என்று பிடிவாதம் செய்தது நாம்தான். கலர்தான் வேண்டுமென்றால் வாசலில் நல்ல வெள்ளை விளக்கும் இரவு முழுக்க எரிய வேண்டும். அந்தக் கரண்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அகச்சிவப்பிலும் குறைகள் உண்டு. கறுப்புச் சட்டை சில சமயம் வெள்ளையாகத் தெரியும். ஆகவே இரவுப் படத்தைப் பார்த்துச் சட்டை நிறத்தைப் புகாரில் எழுதாதீர்கள். வண்டியின் நம்பர் பலகை கூசி வெளுத்துப்போகலாம். மிளகாய்த்தூள், மாவுத் தூசி, சிலந்திவலை கண்ணாடிமேல் படிந்தால் படம் முழுக்கப் பனிமூட்டம். நம் தொழிலில் தூசிக்குப் பஞ்சமில்லை, வாரம் ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும்.

மெகாபிக்சல் கணக்கும் ஒன்று உண்டு. அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண, படத்தில் மீட்டருக்கு 250 புள்ளியாவது விழ வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 புள்ளி. ஆக ஏழரை மீட்டர் அகலத்துக்குமேல் காட்டினால் ஆள் வந்தான் என்பது தெரியும், யார் வந்தான் என்பது தெரியாது. ஒரே கேமராவில் தெரு முழுவதும் பார்க்க ஆசைப்படுவதைவிட வாசலை மட்டும் பார்ப்பது மேல். சில்லு பெரிதாகாமல் புள்ளியை மட்டும் கூட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பதிவை வழக்கில் காட்டுவதற்குச் சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி அது தரப்பட வேண்டும். அதற்கும் முதலில் முகம் தெரிய வேண்டுமே.

வரும் அமாவாசையன்று இரவு எட்டு மணிக்கு நம் குடோன் வாசலில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மூன்று கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பையனை மூட்டையோடு நடக்கவிட்டுப் பார்க்கப்போகிறோம். சங்க உறுப்பினர்கள் வரலாம். கடையில் இருக்கும் பழைய கேமராவையும் கழற்றிக்கொண்டு வந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.