சார்ஜ் ஏறுமா? சங்கடம் தீருமா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. குற்றால சீசன், அய்யப்ப சீசன், ஆடிப்பூரத் தேர் என்று வந்துவிட்டால் ஒரே வண்டிக் கூட்டம்! அதிலே இப்போது பேட்டரி கார்களும் சேர்ந்துவிட்டன.

சார்ஜ் போட இடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது! போர்டில் 60 கிலோவாட் என்று இருக்கும். ஆனால் இத்தகைய மெஷின்கள் பலவற்றில் 2 கார்களை மாட்டினால் ஆளுக்கு 30தான். 40 யூனிட் பேட்டரி 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற 24 யூனிட் வேண்டும். தனியாக நின்றால் அரை மணியில் முடிகிற வேலை, ஜோடியாக நின்றால் முக்கால் மணிக்கு மேல் இழுக்கும். மூன்றாவதாக வந்தவர் கதி? பிள்ளைகுட்டியோடு வெயிலில் காய வேண்டியதுதான். வாடகைக் கார் டிரைவருக்கோ ஒரு சவாரி போச்சு!

நெடுஞ்சாலையில் 20 கிலோ மீட்டருக்கு ஒரு நிலையம், அதுவும் இரு பக்கமும் வேண்டும் என்று மத்திய மின்துறை 2024-ல் நெறிமுறை வகுத்தது. அதே ஆண்டு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எண்ணிக்கையைக் காட்டிக் கணக்கை முடித்துவிடக் கூடாது. வேகமான மெஷின், அதைத் தாங்கும் டிரான்ஸ்பார்மர், நிழலுக்குக் கூரை, ராத்திரிக்கு விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, ரிப்பேர் என்றால் ஓடி வர ஒரு ஆள்... இத்தனையும் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கித் திரும்புவதற்குள் பாதி பேட்டரியாவது ஏற வேண்டாமா? அதிகாரிகள் கவனிப்பார்களா?