பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தானா?

"பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்." எங்கள் வீடுகளில் எத்தனையோ நோவுகள் இந்த ஒரு வசனத்துக்குள் மறைந்துபோகின்றன. இடுப்பு உளைந்தாலும் கால் விறைத்தாலும் அதுவே பதில். சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்திருந்தால் இன்னொரு பதிலும் தயாராக இருக்கும்: "முதுகிலே போட்ட ஊசியின் வேலை." பெரும்பாலும் அது வெறும் அசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எப்போதாவது ஒரு தாய்க்கு அது அசதியாக இருப்பதில்லை.

கியான்–பாரே என்றொரு நரம்பு நோய் உண்டு. 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, கால்கள் செயலிழந்த இரண்டு படைவீரர்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர்களின் பெயர் அது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி சொந்த நரம்புகளையே தாக்குவதால் வருகிறது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்து மாறிய சில நாட்களில் தொடங்குவதே வழக்கம். பிள்ளை பிறந்த பின்னரான முதற் கிழமைகளில் இது வரும் வாய்ப்பு, கர்ப்ப காலத்தைவிடச் சற்றுக் கூடுதல். சரக்குக் கறியும் வெந்நீர்க் குளிப்புமாகத் தாய் அறைக்குள் இருக்கும் அதே நாட்கள்.

இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு நிலத்திலிருந்து எழும்ப முடியாது, படி ஏற முடியாது. பலவீனம் காலிலிருந்து மேலே ஏறும். அசதி என்றால் படுத்தெழும்பக் குறையும். இது நாளுக்கு நாள் கூடும். விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமானால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. நாலைந்து நோயாளிகளில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது.

உடுப்பிட்டியில் இருப்பவருக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை 25 கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வடக்கிலும் அந்தச் சேவை உண்டு. ஆகவே தாமதத்துக்குத் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. "எண்ணெய் பூசிப் பார்ப்போம்" என்று இருப்பதில்தான் நாட்கள் போகின்றன. சிகிச்சை முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையை மட்டும் பார்க்கவா வருகிறார்? தாயின் கால் விறைப்பையும் அவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை இரண்டு வகை. இரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றுவது ஒன்று. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபியூலினை ஊசிவழி ஏற்றுவது மற்றது. (இரத்ததானம் செய்பவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.) இவை தாக்குதலை அடக்குமே தவிர, கெட்ட நரம்பைத் திருத்தமாட்டா. அதை உடம்புதான் மெல்ல மெல்லச் செய்யவேண்டும். நரம்பின் உறை மட்டும் பழுதென்றால் சில கிழமைகளோ மாதங்களோ போதும். நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஆறு மாதத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் துணையின்றி நடக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் நடந்த பிறகும் களைப்பு நெடுங்காலம் விடாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வைத்தியசாலையில் படுத்திருக்கும்வரை எல்லோருக்கும் இரக்கம். வீட்டுக்கு வந்து, வெளித்தோற்றத்தில் சுகமாகி, ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போக முடியாமல் நிற்கும்போது, "இன்னுமா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். அளவுக்கு மீறி உடம்பை வருத்தினால் களைப்பு இன்னும் கூடும் என்பதை இயன்மருத்துவர் சொன்னாலும், வீட்டில் அதைக் கேட்க ஆளிருக்காது.

அந்தக் கஷ்டம் அடுத்ததாக விழுவது பெரும்பாலும் மூத்த மகள் தலையில். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டியவள் பால்போத்தல் கழுவிக்கொண்டிருப்பாள். இதை வாசிக்கும் மாணவிகளில் சிலருக்கு இது தெரிந்த கதையாக இருக்கலாம். பிள்ளைகள் தாய்க்கு உதவட்டும், அதில் குறையில்லை. பாடசாலையை விட்டுவிட்டு அல்ல. தகப்பன், அண்ணன், மாமி, அயல்வீட்டு அக்கா எல்லோரும் இருந்து, சமையலும் குழந்தையின் இரவு விழிப்பும் யார் யாருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். கிளினிக் நாளில் தாயோடு பஸ்ஸில் போவது யார் என்பதையும் அப்போதே பேசி முடிக்கலாம்.