நாடகக் கோர்ட்டும் நாற்காலிப் பக்தியும்

அமெரிக்கா தேசத்து டெலிவிஷனில் 'லா அண்டு ஆர்டர்', அதாவது 'சட்டமும் ஒழுங்கும்' என்ற பெயரால் ஒரு கோர்ட்டு நாடகம் 1990-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கப்பட்டு, 2010-ம் வருஷம் மே மாதம் வரை 20 வருஷ காலம் நடத்தப்பட்டு வந்தது. டிக் உல்ஃப் என்பவரால் உண்டாக்கப்பட்ட இந்நாடகத்தில் அதுவரை 456 கதைகள் காட்டப்பட்டன. நிறுத்திய பின்பும் ஜனங்களுக்கு ஆசை தீராததால், 2022-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அது மறுபடியும் ஆரம்பிக்கப்பட்டது. இதன் கிளையாக, பெண்கள் மீது நடக்கும் பலாத்காரக் குற்றங்களைப் பற்றி 1999-ல் ஏற்பட்ட 'எஸ்.வி.யு.' என்னும் நாடகமோ, 2019-ல் தனது 21-வது வருஷத்தில் புகுந்து தாய் நாடகத்தையே மிஞ்சிவிட்டது.

இந்நாடகங்களைப் பார்க்கின்றவர்களுடைய அபிப்பிராயங்களைப் பற்றியே நாம் இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம். "அமெரிக்காக்காரன் ராத்திரியில் எதைப் பார்த்தால் உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். பக்தி என்பது எந்த ஊரில் இருந்தாலும் பக்திதான். அது கல்லுக்கு முன் நின்றாலும் சரி, கண்ணாடிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தாலும் சரி, அதனால் மனிதனுடைய அறிவுக்கு ஏற்படும் கெடுதி ஒன்றேயாகும்.

ரசிகர்கள் என்ன சொல்லுகின்றார்கள்? ஒருவர், பழைய துப்பறிவாளரே உயர்ந்தவர், புதிதாக வந்தவர் அவருடைய கால் தூசிக்கு ஆக மாட்டார் என்கிறார். மற்றொருவர், 1994 முதல் சர்க்கார் வக்கீல் ஜாக் மெக்காயாக வேஷம் போட்டு வந்த சாம் வாட்டர்ஸ்டன் 2024-ல் விலகிக்கொண்டபின் நாடகமே களையிழந்துவிட்டது என்று வருந்துகிறார். இன்னொருவர், காட்சி மாறும்போதெல்லாம் 'டுன் டுன்' என்று ஒலிக்கிறதே, அதைக் கேட்டாலே மெய் சிலிர்க்கிறது என்கிறார். கோவில் மணிச் சத்தத்தில் ஆண்டவனைக் காண்கின்றவர்களை நாம் அறிவோம். இது மைக் போஸ்ட் என்னும் சங்கீதக்காரர் செய்து கொடுத்த மணி, வித்தியாசம் அவ்வளவுதான்!

இவைகளை நாம் பெரிதாக எண்ணவில்லை. ராஜபார்ட்டு யார், ஸ்திரீபார்ட்டு யார் என்று பேசிக்கொள்வது நாடகம் பார்க்கும் எல்லோருக்கும் உள்ள வழக்கமே. ஆனால் இத்துடன் வேறொரு அபிப்பிராயமும் கலந்து வருகின்றது. அதாவது, "இந்நாடகத்தைப் பார்த்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கின்றது; கடைசியில் எப்படியும் நியாயம் கிடைத்துவிடுகிறது; இதைப் பார்த்தே நாங்கள் சட்டம் தெரிந்துகொண்டோம்" என்பதேயாகும். நமது சண்டை இந்த அபிப்பிராயத்தோடுதான்.

இந்நாடகத்தின் அமைப்பு எப்படிப்பட்டது? முன்பாதியில் போலீசார் குற்றவாளியைப் பிடிப்பார்கள். பின்பாதியில் சர்க்கார் வக்கீல் அவனைக் கூண்டில் நிறுத்துவார். விளம்பர நேரம் போக முக்கால் மணியில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒரு குரல் முகவுரை சொல்லும். ஜனங்களுடைய பிரதிநிதிகள் இரண்டு கூட்டத்தார், அவர்கள் துப்பறியும் போலீசாரும் வழக்கு நடத்தும் சர்க்கார் வக்கீல்களும் ஆவார்கள் என்பதே அம்முகவுரையின் சாரம்.

தோழர்களே! இதில் யாரை விட்டுவிட்டார்கள் என்று கவனித்தீர்களா? குற்றம் சாட்டப்பட்டவனை விட்டுவிட்டார்கள். அவனுக்காகப் பேசும் வக்கீலை விட்டுவிட்டார்கள். அவன் ஜனங்களில் சேர்ந்தவன் அல்லவா? நாளைக்கு இதே ரசிகர் ஒரு பொய்ப் புகாரில் அகப்பட்டுக்கொண்டால், அன்று முதல் அவர் ஜனம் அல்லாதவராகிவிடுவாரா? இவ்வளவு வருஷமாக இம்முகவுரையைக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்?

எதிரி தரப்பு வக்கீல் என்பவர் அவ்வளவு அற்பமானவரா என்பதற்கு அத்தேசத்துச் சரித்திரமே சாட்சி சொல்லும். புளோரிடா மாகாணத்தில் கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற ஏழை, பந்தாட்ட விடுதி ஒன்றை உடைத்துத் திருடியதாக 1961-ல் குற்றம் சாட்டப்பட்டார். வக்கீல் வைக்கப் பணமில்லை, சர்க்காரே ஒருவரை வைத்துத் தர வேண்டும் என்று அவர் கேட்டும் கோர்ட்டார் மறுத்துவிட்டார்கள். தனக்குத் தானே வாதாடித் தோற்று 5 வருஷ தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஏழை எதிரிக்கு வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டியது மாகாணத்தின் கடமை என்று 1963-ல் அம்மன்றத்தார் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கு மறுபடியும் அதே ஜட்ஜ் முன்னிலையில் நடந்தது. இந்தத் தடவை பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார். ஜூரிகள் கிடியனைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தார்கள். மனிதர் அவரே, குற்றச்சாட்டும் அதுவே, ஜட்ஜும் அவரே. வக்கீல் வந்தது ஒன்றே வித்தியாசம். அப்படிப்பட்ட வக்கீலுக்குத்தான் நாடக முகவுரையில் இடமில்லை!

இது நிற்க. பழைய நாடகத்தில் மட்டும் உண்மை இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. 1957 முதல் 1966 வரை 'பெர்ரி மேசன்' என்ற நாடகம் நடந்தது. அதில் கதாநாயகனே எதிரி தரப்பு வக்கீல்தான். அவரிடம் வரும் கட்சிக்காரர் அநேகமாக எப்போதும் நிரபராதி. உண்மையான கொலைகாரனோ, அவர் நாலு கேள்வி கேட்டவுடன் கோர்ட்டிலேயே அழுது ஒப்புக்கொள்வான். அதுவும் புராணமே. அன்று ஒரு சாமி, இன்று வேறொரு சாமி. சாமி மாறினதே தவிர, கும்பிடும் கை மாறவில்லை.

"எங்கள் நாடகம் கற்பனையல்ல; பத்திரிகைகளில் வந்த உண்மைச் சங்கதிகளிலிருந்து எடுத்தது" என்று சிலர் பெருமை பேசுகின்றார்கள். சரி, உண்மைச் சங்கதிக்கே வருவோம். நாடகம் நடப்பதாகக் காட்டப்படும் அதே நியூயார்க் நகரில், சென்ட்ரல் பார்க் என்னும் தோட்டத்தில், 1989-ம் வருஷம் ஒரு பெண் மிகக் கொடூரமாகத் தாக்கப்பட்டுக் கற்பழிக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையுள்ள கறுப்பு, லத்தீன் இனத்துச் சிறுவர்கள் ஐவர் பிடிக்கப்பட்டார்கள். பல மணி நேரம் விசாரித்து, அவர்களில் நால்வரை வீடியோப் படத்தின் முன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி செய்தார்கள். அப்பெண்ணின் உடலில் கிடைத்த தடயம் ஐவரில் ஒருவனோடும் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் 1990-ம் வருஷம் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் இரண்டு விசாரணைகளில் ஐவரும் தண்டிக்கப்பட்டார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே, செப்டம்பரில்தான், மேற்படி நாடகத்தின் முதல் கதை அரங்கேறியது!

2002-ல் வேறொரு கைதி, அக்குற்றத்தைச் செய்தவன் நானே என்று ஒப்புக்கொண்டான். தடயமும் அவனோடு பொருந்தியது. ஐவர் மீதிருந்த தீர்ப்பும் ரத்து செய்யப்பட்டது. 2014-ல் நகர சர்க்கார் அவர்களுக்கு 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் 2023-ல் நியூயார்க் நகரசபைக்கே அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் போன வருஷங்கள் போனவைதானே! நாடகத்தில் துப்பறிவாளர் மேஜையைத் தட்டி, பொய் சொல்லி, மிரட்டி வாக்குமூலம் வாங்கும்போது ரசிகர் "பலே" என்கிறாரே, அந்த அறையில்தான் இந்தச் சிறுவர்களும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கட்டும்.

"சர்க்கார் தரப்பு தோற்பதையும் காட்டுகின்றார்களே" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகின்றது. வாஸ்தவம், சில கதைகளில் தோற்கிறார்கள். ஆனால் எப்படித் தோற்கிறார்கள்? முறையான வாரண்டு இல்லாமல் சோதனை போட்டார்கள் என்று ஜட்ஜ் சாட்சியத்தைத் தள்ளிவிடுகிறார். ரசிகர் பல்லைக் கடிக்கிறார். "சட்டத்தின் ஓட்டையில் புகுந்து தப்பிவிட்டான்" என்கிறார். வாரண்டு இல்லாமல் ஒருவன் வீட்டுக்குள் போலீசு நுழையக்கூடாது என்பது ஓட்டையா? அது அந்த ரசிகருடைய வீட்டுக் கதவு அல்லவா? தன் கதவைத் தானே உடைக்கச் சொல்லிக் கைதட்டுகிறவனுக்குச் சட்டம் தெரிந்துவிட்டதென்று சொன்னால், அது என்ன படிப்போ நமக்கு விளங்கவில்லை.

அன்றியும், நாடகம் பார்க்கிறவர் கோர்ட்டு என்றால் ஜூரிகளும் குறுக்கு விசாரணையும் ஆவேசப் பேச்சும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மை என்ன? அத்தேசத்து மத்திய கோர்ட்டுகளின் தண்டனைகளில் 100-க்கு 97-ம், மாகாணக் கோர்ட்டுகளின் தண்டனைகளில் 100-க்கு 94-ம், எதிரி தானே குற்றத்தை ஒப்புக்கொள்வதால் ஏற்படுகின்றவை என்று 2012-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியிருக்கின்றது. அதாவது, தண்டிக்கப்பட்டவர்களில் மிகப்பெரும்பாலோர் விஷயத்தில் விசாரணை என்பதே இல்லை, பேரம்தான். "ஒப்புக்கொண்டால் 2 வருஷம், விசாரணை கேட்டுத் தோற்றால் 15 வருஷம்" என்று சொன்னால் நிரபராதியும் நடுங்க மாட்டானா? நாடகத்திலும் பேரம் வருவதுண்டு. ஆனால் அங்கே பேரத்துக்கு வருகின்றவன் குற்றவாளிதான் என்று ரசிகருக்கு முன்னமே காட்டப்பட்டு விடுகின்றது. கோர்ட்டில் அப்படிக் காட்ட ஆள் ஏது?

2010-ம் வருஷம் மே மாதம் இந்நாடகம் நிறுத்தப்பட்டதல்லவா? அதே மாதத்தில், அதே நியூயார்க்கில், தோள் பை ஒன்றைத் திருடியதாக 16 வயதுக் கறுப்புச் சிறுவன் ஒருவன் பிடிக்கப்பட்டான். முதலில் கேட்ட 3,000 டாலர் ஜாமீனைக் குடும்பத்தாரால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் அவனை அடைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று பேரம் பேசினார்கள். "நான் செய்யவில்லை, விசாரணை வேண்டும்" என்று அவன் பிடிவாதமாக நின்றான். விசாரணை வரவேயில்லை. வாய்தா மேல் வாய்தா போட்டு 3 வருஷம் வைத்திருந்து, அதில் சுமார் 2 வருஷம் தனிக்கொட்டடியில் போட்டு, 2013-ல் வழக்கைத் தள்ளி வெளியே அனுப்பினார்கள். அவ்வேதனையிலிருந்து மீள முடியாமல் 2015-ல், 22 வயதில், அவ்விளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நாடகத்தில் முக்கால் மணியில் கிடைக்கும் நியாயம், இவனுக்கு 3 வருஷத்தில் ஒரு நாள் விசாரணையாகக்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு வாதம் இருக்கின்றது. அது யோக்கியமான வாதமானதால் அதற்கு மரியாதையாகவே பதில் சொல்லுகின்றோம். "எஸ்.வி.யு. நாடகத்தைப் பார்த்துத்தான், பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் பலர் வாய் திறக்கத் துணிந்தார்கள்" என்பதே அது. உண்மைதான். அதில் துப்பறிவாளராக நடிக்கும் மரிஸ்கா ஹார்கிட்டே என்ற அம்மையாருக்கு, அப்படிப்பட்ட பெண்கள் தங்கள் துயரங்களைக் கடிதமாக எழுதினார்கள். இதை நாம் பெரிதும் மதிக்கின்றோம். வெட்கம் குற்றவாளிக்கே உரியது, பெண்ணுக்கல்ல என்று ஒரு நாடகம் சொல்லுமானால் அது நல்ல காரியமே.

ஆனால் அவ்வம்மையார் என்ன செய்தார்? "நாடகத்தில்தான் தினமும் குற்றவாளியைப் பிடிக்கின்றேனே" என்று திருப்திப்பட்டு உட்காரவில்லை. 2004-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, நாடகத்துக்கு வெளியே வந்து வேலை செய்தார். ஏனெனில் வெளியே நடந்தது வேறு. டிட்ராய்ட் நகரில் போலீசு கிடங்கு ஒன்றில், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட தடயப் பெட்டிகள் 11,000-க்கு மேல், பரிசோதிக்கப்படாமலே தூசி படிந்து கிடந்தது 2009-ல் வெளிப்பட்டது. நாடகத்தில் தடயம் ஒரு விளம்பர இடைவேளைக்குள் பரிசோதனையாகி வந்துவிடுகின்றது. அதை நம்பியிருந்தவர்கள், நம் ஊர்க் கிடங்கில் என்ன இருக்கின்றது என்று ஏன் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பெட்டிகளைப் பரிசோதிக்க வேண்டுமென்று பிரச்சாரம் செய்தவர்களில் அவ்வம்மையாரும் ஒருவர். வேஷம் போட்டவருக்கு அது வேஷம் என்று தெரிந்திருக்கின்றது. பார்த்தவர்களில்தான் அநேகருக்குத் தெரியவில்லை!

நம் கிராமங்களில் விடிய விடிய அரிச்சந்திர நாடகம் பார்த்து, மயான காண்டத்தில் அழுது, கடைசியில் பரமசிவன் தோன்றி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவுடன் திருப்தியாகத் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அரிச்சந்திரனை வாட்டின அநியாயம் நம் தெருவில் யாரையாவது வாட்டுகின்றதா என்று அன்று காலையில் யாராவது போய்ப் பார்த்ததுண்டா? அமெரிக்க ரசிகரின் ஆறுதலும் இதைச் சேர்ந்ததே. மேலே ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பது பழைய ஆறுதல். கோர்ட்டில் ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பது புதிய ஆறுதல். இரண்டிலும் மனிதன் செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் போகின்றது.

நாடகம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நடிப்பை ரசியுங்கள், குறை சொல்லுங்கள், யார் உயர்ந்தவர் என்று சண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கோர்ட்டு யோக்கியமானதா என்று தெரிய வேண்டுமானால் நாடகத்தைக் கேட்காதீர்கள். சிறையில் விசாரணையில்லாமல் இருப்பவர் எத்தனை பேர், ஜாமீன் கட்ட முடியாதவர் எத்தனை பேர், ஏழைக்கு வக்கீல் உண்டா, தடயப் பெட்டி எங்கே கிடக்கின்றது என்று கேளுங்கள். இது அமெரிக்காக்காரருக்கு மட்டுமல்ல, கோர்ட்டு உள்ள எந்தத் தேசத்தாருக்கும் பொருந்தும். கேட்கிறவனுக்குத்தான் நியாயம் கிடைக்கும். கைதட்டுகிறவனுக்கு நாடகம்தான் கிடைக்கும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.